ஒரு கும்பிடும் 47 விநாடி வீடியோவும்

வக்கீலான எனக்குக் காரைக்குடியிலிருந்து 68 வயது ஆச்சி ஒருவர் நோட்டுத் தாளில் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் பழைய வீடு. ஐந்து பங்காளிகள். பின்கட்டில் ஒரு கூடம், இரண்டு அறை, அடுப்படி, குளியலறை ஆச்சியின் பாகம். பின்தெருப் பக்கம் தனி வாசல் இருப்பதால் அதை ஓர் இளம் தம்பதிக்கு மாதம் 9,000 ரூபாய்க்கு விட்டிருந்தார். அட்வான்ஸ் 50,000. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம். அதன் பிறகு வாய்ச்சொல்லிலேயே ஓடியது. இரண்டு வருஷம் மூன்று மாதம் இருந்த பிறகு அவர்கள் கோவைக்கு மாற்றலாகி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் கதவைத் திறந்து பார்த்த ஆச்சிக்கு மனசு ஆறவில்லை. கூடத்துத் தரையில் பதித்த மூன்று ஆத்தங்குடிக் கல்லில் விரிசல். குளியலறை வாசலில் நாலு கல்லில் ஆசிட் பட்டு வண்ணம் அரித்து வெளுத்த திட்டு. சன்னலில் ஒரு பச்சைக் கண்ணாடி இல்லை. அறைக்கதவின் பித்தளைக் குமிழ் ஒன்றைக் காணோம். சுவரெல்லாம் ஆணி ஓட்டை, அடுப்படியில் எண்ணெய்ப் பிசுக்கு. மேற்கு மூலையில் ஓட்டிலிருந்து தண்ணீர் இறங்கிய கறை. உட்கார்ந்து கணக்குப் போட்டார்: கூடத்தை முழுக்கப் பெயர்த்துப் புதுக்கல் பதிக்க 22,000, வெள்ளையடிக்க 12,000, ஓடு மாற்ற 3,500, கண்ணாடிக்கு 2,500, குமிழுக்கு 1,500. ஆக 41,500 போக மீதி 8,500தான் தருவேன் என்று சொல்லிவிட்டார்.

குடியிருந்த பெண் ஒத்துக்கொள்ளவில்லை. "இரண்டு விரிசல் நாங்கள் வந்த அன்றே இருந்தது. அன்றைக்கே உங்களுக்கு வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினேனே" என்கிறார். ஆச்சி போனைத் தேடிப் பார்த்தால் நிஜமாகவே 83 படங்கள். அவற்றுக்குக் கீழே ஆச்சி அனுப்பிய ஒரு கும்பிடு கை.

"படத்தை நான் தொறந்துகூடப் பாக்கலை தம்பி. காலை வணக்கத்துக்குப் போடுற மாதிரி ஒரு கும்பிடு போட்டேன். அதுக்காக நான் ஒத்துக்கிட்டதா ஆயிருமா?"

ஆச்சியிடமும் இரண்டு வீடியோ உண்டு. ஒன்று, மகள் வயிற்றுப் பேரன் எடுத்தது, 47 விநாடி. தம்பதி குடிவந்த ஆறாம் நாள் எடுத்தது. பேரன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார். இன்னொன்று, காலி செய்வதற்கு இரண்டு நாள் முன்பு, அவர்கள் குன்றக்குடிக்குப் போயிருந்தபோது மாற்றுச்சாவி போட்டுத் திறந்து ஆச்சியே எடுத்தது. இதை வைத்துக் கோர்ட்டுக்குப் போகலாமா, பங்காளிகள் குரூப்பிலும் தெருக்காரர்கள் குரூப்பிலும் போட்டு 'இவர்களுக்கு வீடு கொடுக்காதீர்கள்' என்று சொல்லலாமா, அந்த 83 படங்களையும் அழித்துவிடலாம் என்று பேரன் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் வேறொரு குடும்பம் வருகிறது, அவர்களிடம் ஏமாறாமல் இருக்க என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி.

ஆச்சி, கடைசிக் கேள்விதான் உங்களுக்கு அதிகம் பயன்படப்போகிறது. ஆனாலும் முதலில் இருந்தே வருகிறேன்.

அந்தக் கும்பிடு

அதை மட்டும் வைத்து வீட்டின் நிலையை நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதாக யாரும் சாதித்துவிட முடியாது. வணக்கமாகவும் இருக்கலாம், 'வந்து சேர்ந்தது' என்பதாகவும் இருக்கலாம். நீங்கள் யோசிக்க வேண்டியது கும்பிடைப் பற்றி அல்ல, அதற்கு மேலே நிற்கும் தேதியைப் பற்றி. குடிவந்த அன்றே படம் வந்திருக்கிறது. உங்கள் போனுக்கு வந்ததற்கு அந்தக் கும்பிடே சாட்சி. அதன் பிறகு 27 மாதம், 'இந்தப் படம் தப்பு, என் தரையில் விரிசல் கிடையாது' என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசாரிப்பவர் எவரானாலும் அந்த மௌனத்தைக் கவனிப்பார்.

படங்களை அழிக்கவே அழிக்காதீர்கள். உங்கள் போனில் அழித்தால் அந்தப் பெண்ணின் போனில் அழியாது. விவகாரம் வரப்போகிறது என்று தெரிந்தே சாட்சியத்தை அழித்தால் அது தனிக் குற்றமாகவும் ஆகலாம். பேரன் பாசத்தில் சொன்ன யோசனை, தள்ளிவிடுங்கள். பல படங்கள் மங்கலாக நின்று திறக்க மறுக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். வந்த காலத்தில் டவுன்லோட் செய்யாமல் விட்ட படம் அப்படித்தான் ஆகும். அந்தப் பெண்ணிடமே மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். முழுசாகப் பார்க்காமல் சண்டைக்குப் போவது நியாயமில்லை.

உங்கள் 47 விநாடி

'என்னிடமும் வீடியோ இருக்கிறது, காட்டினால் போதும்' என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். வீடியோவில் இருப்பதாக நீங்கள் எழுதியதை நான் ஒரு தாளில் குறித்துப் பார்த்தேன். வாசல், அட்டைப்பெட்டிகள், கூடத்தில் விரித்த பாய், சுவரில் சாய்த்த கட்டில், அடுப்படி ஒரு நொடி, குளியலறைக் கதவு மூடியபடி. விரிசல் விழுந்த கல் மூன்றும் பாய்க்கு அடியில் இருக்கின்றன. ஆறு நாளில் சாமான் இறங்கிவிட்டது. சாமான் இறக்கும்போதுதான் கல் உடைந்தது என்று நீங்கள் சொல்ல முடியாது, உடையவே இல்லை என்று அவர்களும் சொல்ல முடியாது. உங்கள் வீட்டின் நிலையைப் பற்றி அந்த வீடியோ ஒன்றுமே பேசவில்லை, ஆச்சி.

அப்புறம், அது எப்படி உங்களிடம் வந்தது என்ற விஷயம். பேரன் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். வாட்ஸப் சாதாரணமாக வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். எடுத்த நாள், நேரம், இடம் என்று கோப்புக்குள் இருக்கும் குறிப்புகளும் வழியில் போய்விடும். மூலக் கோப்பு பேரனின் போனில்தான் இருக்கும், போனை மாற்றாமல் இருந்தால். இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதன் வாரிசு இது. சான்றிதழுக்கு இரண்டு பாகம். ஒன்றில் அந்தக் கருவியைக் கையாண்டவர் கையெழுத்துப் போட வேண்டும், மற்றதில் நிபுணர் ஒருவர் போட வேண்டும். கோப்பின் 'ஹாஷ்' எண்ணையும் குறிப்பிட வேண்டும். கோப்புக்கான கைரேகை மாதிரி அது. ஒரு விநாடியை வெட்டினாலும் எண் மாறிவிடும்.

இதற்காகச் சிங்கப்பூரிலிருந்து பேரனை வரவழைக்கச் சொல்லவில்லை. வாடகை நீதிமன்றத்தின் நடைமுறை பெரிய சிவில் வழக்கு அளவுக்கு இறுக்கமானதும் அல்ல. போனில் இருக்கும் படம் தானாக நடந்து போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறாது என்பதற்காகச் சொல்கிறேன்.

குன்றக்குடி நாளன்று எடுத்ததைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 'என் வீடு, நான் எப்ப வேணாலும் போவேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். சொத்து உங்களுடையது, சரி. சாவி திரும்ப வரும்வரை அனுபோகம் அவர்களுடையது. வீட்டுக்காரர் உள்ளே வருவதென்றால் 24 மணி நேரம் முன்னதாக, காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. நீங்கள் எடுத்த வீடியோவில் அவர்களுடைய திறந்த பீரோ, மடித்து வைத்த துணி, சாமி அலமாரி எல்லாம் இருக்கிறது. திருட்டுத்தனமாக எடுத்தது என்பதாலேயே கோர்ட் அதை ஒதுக்கிவிடும் என்றில்லை. ஆனால் அதைக் காட்டிய நிமிஷத்தில் பேச்சு கல்லை விட்டுவிட்டு உங்கள் மாற்றுச்சாவிக்குத் தாவிவிடும். தவிர, அது காட்டுகிற ஆசிட் திட்டை அவர்கள் மறுக்கவே இல்லையே. யாருக்கும் அனுப்பாதீர்கள். குரூப்பில் போடுகிற யோசனையை அடியோடு விடுங்கள். அவதூறு வழக்குக்கு நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

41,500 ரூபாயில் எது நிற்கும்

இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொண்டால் கணக்கு எளிது. 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு, குடியிருப்பவர் இடத்தை எந்த நிலையில் வாங்கினாரோ அந்த நிலையில் திருப்பித் தர வேண்டும், நியாயமான தேய்மானம் நீங்கலாக, என்கிறது. மேலே சொன்ன, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த நம் மாநில வாடகைச் சட்டம் எந்தப் பழுது யார் தலையில் என்று இரண்டாம் அட்டவணையில் பட்டியலே போட்டிருக்கிறது.

வெள்ளையடிப்பு, கதவு சன்னல் பெயிண்ட், கட்டடத்தின் பெரிய பழுது எல்லாம் வீட்டுக்காரர் பாடு. ஆகவே 12,000 போயிற்று. ஓட்டு ஒழுக்கும் உங்களுடையதுதான். அவர்கள் ஏறி ஓட்டை உடைத்தார்கள் என்று நீங்களே சொல்லவில்லை. அந்த மூலை ஒழுகுகிறது என்று போன ஐப்பசியில் அந்தப் பெண் சொன்னதாகவும், 'மழை விடட்டும்' என்று நீங்கள் பதில் சொன்னதாகவும் ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். நேர்மையாக எழுதியதற்கு நன்றி. 3,500-உம் போயிற்று.

சன்னல் கண்ணாடி, கதவுக் குமிழ், பூட்டு, குழாய் வாஷர், சுவிட்ச் இவை குடியிருப்பவர் பாடு. கண்ணாடிக்கு 2,500, குமிழுக்கு 1,500 கேட்பதில் தப்பில்லை. பில் வைத்துக் கேளுங்கள். பழைய பித்தளைக் குமிழ் என்பதால் முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில் ஜோடியாகக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், ஆனால் ஒன்றின் விலையைத்தான் பிடிக்கலாம்.

இனி தரை. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல என்பது உங்களுக்குத் தெரியாததா. கண்ணாடிப் பலகையில் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அதற்கு ஆசிட் எமன். கழிவறை கழுவுகிற ஆசிட் பட்டால் மேலே உள்ள வண்ணப் பூச்சையே தின்றுவிடும், தேய்த்து மெருகேற்றி மீட்க முடியாது. குளியலறை வாசலில் நாலு கல் வெளுத்தது தேய்மானம் அல்ல, கவனக்குறைவு. அதைப் பிடிக்கலாம். எவ்வளவு? நாலு கல்லின் விலையும் கொத்தனார் கூலியும். புதுக்கல் பளிச்சென்று தனியாகத் தெரியும், பழைய கூடத்தின் நிறத்தோடு சேராது என்பது உங்கள் வருத்தம். புரிகிறது. எனக்கும் அந்தப் பழைய சிவப்பு பிடிக்கும். அதற்காகக் கூடம் முழுவதையும் பெயர்த்துப் பதிக்கும் செலவை அவர்கள் தலையில் ஏற்ற எந்தச் சட்டமும் இடம் தராது.

விரிசல் விழுந்த மூன்றில் இரண்டு அவர்கள் படத்தில் முதல் நாளே இருக்கிறது. மூன்றாவது, கிரைண்டர் வைத்திருந்த இடம். அது அவர்களால் வந்திருக்கலாம், தரை இறங்கி வந்திருக்கலாம். பணத்தைப் பிடிப்பவர் நீங்கள், ஆகவே காட்ட வேண்டியவரும் நீங்கள். காட்ட உங்களிடம் ஒன்றும் இல்லை. விட்டுவிடுங்கள்.

கல் வேலை கூலியோடு 4,000 என்று வைத்துக்கொண்டால், நீங்கள் நியாயமாகப் பிடிக்கக்கூடியது 8,000. திருப்பித் தர வேண்டியது 42,000. நீங்கள் சொன்ன இரண்டு தொகையும் ஏறக்குறைய அப்படியே இடம் மாறிவிட்டன.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவரின் பொறுப்பில் வருவதைக் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். நீங்கள் கடிதம் எழுதியபோதே 12 நாள் ஆகியிருந்தது. வக்கீல் நோட்டீஸ் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம், எனக்கும் வருமானம்தான். ஆனால் பதில் நோட்டீஸோடு அந்த 83 படங்களும் வரும்.

அடுத்த மாதம் வருகிறவர்களுக்கு

உங்கள் நகரத்தார் சமூகத்தில் கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதுகிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதி, இரண்டு பக்கமும் ஒப்பம் வைப்பதால்தான் அதற்கு மதிப்பு. பெண் வீட்டார் மட்டும் தனியே எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டால் அது வெறும் தாள். வீட்டு வீடியோவும் அப்படித்தான். சாவி கைமாறுகிற அன்று, சாமான் இறங்குவதற்கு முன்னால், வருகிறவரும் நீங்களும் கூட நின்று எடுத்தது மட்டுமே பேசும். எதிரில் இருப்பவரைப் பிடித்துப் போடுவதற்காக எடுக்கிறோம் என்று நினைத்தால் நமக்கு வேண்டியதை மட்டும் எடுப்போம். பிற்பாடு மறந்துபோகும் என்பதற்காக எடுக்கிறோம் என்று நினைத்தால் எல்லாவற்றையும் எடுப்போம்.

காலை ஒன்பது, பத்து மணிக்கு எடுங்கள். முற்றத்திலிருந்து வெளிச்சம் சாய்வாக வரும் நேரம் அது. ஆத்தங்குடிக் கல்லுக்கு நேராக ஃபிளாஷ் அடித்தால் வெள்ளையாக மினுங்கி, முடி மாதிரி ஓடும் விரிசல் மறைந்துவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் விரிசல் கோடாகவும், பள்ளம் நிழலாகவும் தெரியும். முன்தினமே தரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டுவிடுங்கள். ஈரம் இருந்தாலும் விரிசல் தெரியாது.

முதலில் கூடத்தின் நாலு மூலையிலிருந்தும் அகலமாக ஒவ்வொரு படம். அதன் பிறகு வீடியோ. வாசலில் தொடங்கி இடது பக்கச் சுவரை ஒட்டியே மெதுவாக நடக்க வேண்டும், மாப்பிள்ளை அழைப்பு வேகத்தில். பழுதைக் கண்ட இடத்தில் வீடியோவை நிறுத்தாமல் அப்படியே கிட்டே போங்கள். நடுவில் வெட்டி நெருங்கி எடுத்தால், எந்தக் கல் என்று பிறகு தெரியாது. வாயால் சொல்லுங்கள்: 'வாசலிலிருந்து நாலாவது வரிசை, இடமிருந்து ஏழாவது கல், குறுக்கே விரிசல், பழசு.' பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். விரிசல் எவ்வளவு நீளம் என்று பத்து வருஷம் கழித்தும் கணக்கிடலாம். வருகிறவரின் குரலும் ஓரிடத்தில் விழட்டும், 'ஆமா ஆச்சி, பார்த்துட்டேன்' என்று. கும்பிடு கையை விட அது எவ்வளவோ மேல்.

குழாயைத் திறந்து தண்ணீர் வருவதை, கழிவறையில் தண்ணீர் இறங்குவதை, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு விளக்கு எரிவதை எடுங்கள். இ.பி. மீட்டரில் எண் தெளிவாக விழும்வரை கை ஆடாமல் நிற்கவும். சன்னல் கண்ணாடிகளை எண்ணிச் சொல்லுங்கள், பச்சை எத்தனை, சிவப்பு எத்தனை என்று. சாவிகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி ஒரு படம். ஓட்டுக் கூரையை அடியிலிருந்து, குறிப்பாக அந்த மேற்கு மூலையை, கறையோடு எடுங்கள். குறை உங்கள் பக்கம் இருந்தாலும் எடுங்கள். குளியலறையையும் அடுப்படித் தொட்டியையும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் சண்டை வருவது அங்கேதான். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் கூடத்துத் தூண்களை மட்டும் நாற்பது கோணத்தில் எடுத்து வைத்திருந்தார். தகராறோ குளியலறைக் கதவு உளுத்துப்போனதைப் பற்றியது.

பின்கட்டுக்கு வெளியே, வளவிலும் முற்றத்திலும் பங்காளிகளின் அறையோ ஆட்களோ படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது பொது இடம், வாடகைக்கு விட்டதில் சேராது. ஒப்பந்தத்திலும் எது சேரும், எது சேராது என்று எழுதிவிடுங்கள்.

தேதிக்காக அன்றைய பேப்பரைக் கையில் பிடித்து எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பு எடுக்கவில்லை என்பதற்கு மட்டும்தான் பேப்பர் சாட்சி. பழைய பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த வருஷம்கூட எடுக்கலாமே! தேதி அச்சடித்துக் கொடுக்கும் செயலிகளும் போனில் என்ன தேதி வைத்தாலும் அதையே அச்சடிக்கக்கூடும். நம்பகமான தேதி, எடுத்த அன்றே மற்றவருக்கு அனுப்பியதுதான்.

அனுப்புகிற விதம் முக்கியம். வாட்ஸப்பில் படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் கோப்பு சுருங்காமல் போகும். வீடியோ ஒரு நிமிஷத்துக்கே நூறு எம்பி பக்கம் வரலாம், ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. ஆகவே கூகுள் டிரைவில் ஏற்றி இருவருக்கும் இணைப்பு அனுப்பிவிடுவது நல்லது. எடுத்த போனிலும் மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும், வெட்டுவது ஒட்டுவது எதுவும் வேண்டாம். இந்த முறை பேரனின் போன் வேண்டாம், உங்கள் போனிலேயே எடுக்கச் சொல்லுங்கள். நாளைக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போட நீங்கள் ஊரிலேயே இருப்பீர்கள்.

இதோடு ஒரு தாள். வீடியோவில் சொன்ன பழுதுகளை அதே வரிசையில் எழுதி, மீட்டர் எண், சாவி எண்ணிக்கை, படங்களின் எண்ணிக்கை சேர்த்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி. அதில் 'தரையில் ஆசிட் உபயோகிக்கக் கூடாது' என்ற வரியும் இருக்கட்டும். முன்னால் இருந்தவர்களுக்கு இதை நீங்கள் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் கல்லும் கடைகளில் விற்கிற சாதாரண டைல்ஸும் ஒன்றுதான்.

காலி செய்யும்போது, வீடு ஒழிந்த பிறகு, அதே வரிசையில் அதே கோணத்தில் இன்னொரு தடவை. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போக விடாதீர்கள்.

பதினோரு மாதம்

11 மாதம் போட்டால் பதிவே வேண்டாம் என்று டாக்குமெண்ட் எழுதுகிறவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பத்திரப்பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழக்கம். இப்போதுள்ள வாடகைச் சட்டத்தின்படி மாதக் கணக்கு எவ்வளவானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அட்வான்ஸும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, மூன்று மாத வாடகைதான். கையெழுத்திட்ட அந்தப் பழுதுத் தாளை ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.

இனி இந்த வாரம் செய்ய வேண்டியது. கொத்தனாரிடம் நாலு கல்லுக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். கண்ணாடிக்கும் குமிழுக்கும் பில் வாங்குங்கள். பிறகு அந்தப் பெண்ணுக்கு நீங்களே, பேரனைக் கேட்காமல், இப்படி அனுப்பலாம்:

"அம்மா, நீ அனுப்பிய படங்களில் பாதி எனக்குத் திறக்கவில்லை. டாக்குமெண்டாக மறுபடி அனுப்பு. விரிசல் கல்லுக்கும் வெள்ளையடிப்புக்கும் ஓட்டுக்கும் நான் பணம் பிடிக்கவில்லை. குளியலறை வாசல் நாலு கல், பச்சைக் கண்ணாடி ஒன்று, குமிழ் ஒன்று, மூன்றுக்கும் பில் இத்துடன் இருக்கிறது. கழித்தது போக மீதியை உன் கணக்கில் போடுகிறேன். கணக்கு எண் அனுப்பு, வந்ததும் 'பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி இல்லை' என்று எழுதிவிடு."

பதிலுக்கு அவரும் ஒரு கும்பிடு கை மட்டும் அனுப்பினால் விட்டுவிடாதீர்கள், எழுதச் சொல்லிக் கேளுங்கள்.